நிறத் திருத்தம்

மத்திய வீதியில், சப்பாத்துக் கடைக்கு மேல்மாடியில்
கலியாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவள் நான்.
பதினொரு வருசம்.
கோப்பைத் திறந்ததும் விரல் தானாகப் போய்ப்
பொம்பிளையின் முகத்தில் வெளிச்சத்தைக் கூட்டும்.
பன்னிரண்டு புள்ளி. சில வீடுகளுக்குப் பதினெட்டு.
யாரும் கேட்பதில்லை. யாரும் வேண்டாம் என்றதுமில்லை.

டெஸ்மன் ரோசைரோ வந்தது ஆவணியில்.
சீனக்குடா மா ஆலையில் இரவு வேலை முடித்து
காதோரத்தில் மா ஒட்டியபடி
பென்டிரைவைக் கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டுவந்தான்.
"பாட்டு அக்கா. கொஞ்சம் கௌபோய், கொஞ்சம் ராப்,
அடியில ஓடுறது எங்கட கபிரிஞ்ஞா."

படம் டச்பே கடற்கரை.
குதிரை கிடைக்கவில்லை.
கௌபோய் என்றால் மாடு மேய்க்கிறவன்தானே என்று
மணலில் படுத்திருந்த மாடுகளுக்கு நடுவே நிற்கிறான்,
வைக்கோல் தொப்பி, தகப்பன் பூசைக்குப் போடும் சப்பாத்து.
மீன்பெட்டியில் ஏறி நின்று
பால்தசார் மாமா வயலின் இழுக்கிறார்.
தூரத்தில் கோணமலை, யாருக்கும் போஸ் கொடுக்காமல்.

ராப் தமிழில். மூன்றாவது சுற்றில் திடீரென்று
தாய் கோபத்துக்கு மட்டும் எடுத்துவைத்திருந்த
அடுப்படிப் போர்த்துக்கேயம்.
அதற்கு என் கீபோட்டில் எழுத்து இல்லை.
அடியில் வரி ஓடவேண்டிய இடத்தில்
கடல் மட்டும் ஓடியது.

வழமைபோல விரல் போனது.
பன்னிரண்டு புள்ளி.
அவன் முகம் தண்ணி கூடிய பால்தேத்தண்ணி ஆனது.
மாடுகள் எரிந்தன. கடல் வெளிறியது.
வானம் என்று ஒன்று இல்லை.
"அக்கா, கடலைக் கெடுக்காதீங்கோ" என்றான்.
முகத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கொழும்பிலிருந்து தொலைக்காட்சிக்காரர் எடுத்தார்.
பைலா சனிக்கிழமையாம், ராப் வியாழனாம்,
இது எந்தக் கிழமை என்று அவருக்கு விளங்கவில்லையாம்.
"பையன் நல்லாச் செய்யிறான்.
எங்கேயிருந்து பிடிச்சீங்கள், ஆபிரிக்காவா?"
போன் ஸ்பீக்கரில் கிடந்தது. டெஸ்மன் குனிந்து சொன்னான்:
"பாலையூற்று சேர். பஸ்ஸில அம்பது ரூபா."

சிரித்தோம். பிறகு சிரிக்காமல் சொன்னான்:
சண்டைக் காலத்தில் தகப்பனை
நிலாவெளி றோட்டுச் சாவடியில் இறக்கி
மத்தியானம் முழுக்க வைத்திருந்தார்களாம்.
அட்டையில் ஒரு பெயர், அதற்கு மேல் ஒரு முகம்,
வாயைத் திறந்தால் தமிழ்.
மூன்றும் ஒரே ஆளுடையது என்று
சிப்பாயால் நம்ப முடியவில்லை.
"அப்பா என்ன செய்தவர்?"
"பாடிக் காட்டினவர். அவன் துவக்கில தாளம் போட்டான்.
விட்டிட்டான்.
வீட்ட வந்து ரெண்டு நாள் ஒருத்தரோடயும் கதைக்கேல்ல."

பாட்டை ஏற்றும் பக்கத்தில் ஒரு பெட்டி: வகை.
அருகில் சிவப்பு நட்சத்திரம்,
நிரப்பாமல் மேலே போக விடாது.
என் மகளின் பள்ளிக்கூடப் படிவத்திலும்
இப்படி ஒரு பெட்டி; அங்கே அதன் பெயர் இனம்.
ஒரே மூச்சில் நிரப்பிப் பேனையை மூடியவள் நான்.
"மற்றவை என்று போடவா?"
"அதுக்குள்ளதான் அக்கா பரம்பரையா இருக்கிறம்.
வாடகை கட்டிக் கட்டி அலுத்துப்போச்சு."
கௌபோய் பாட்டு என்று அவனே அமத்தினான்.

அவன் போனபிறகு
என் கலியாண வீடியோவைத் திறந்தேன்.
நானே வெட்டியது.
வெளிச்சம் இருபத்திரண்டு.
பூச்சியம்வரை இழுத்தேன்.
கறுப்பாய், வேர்த்து, மாலை உறுத்த,
சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒருத்தி
வந்து உட்கார்ந்தாள்.
எனக்கு அவளைத் தெரியும்போல இருந்தது.

கடைசித் துண்டை வெட்டச் சொல்லியிருந்தான். வெட்டவில்லை:
மாமா வயலினை இறக்குகிறார், கமரா இன்னும் ஓடுகிறது,
கோட்டைப் பக்கமிருந்து ஒரு புள்ளிமான் வந்து
மணலில் கிடந்த தொப்பியை மணந்து பார்த்து
விளிம்பிலிருந்து தின்னத் தொடங்குகிறது.
"ஏய்! ஏய்!" என்று அவன் ஓடிவருகிறான்.
மான் தலையை நிமிர்த்துகிறது.
வாயில்
கறுப்பு நாடா மட்டும் தொங்குகிறது.